சுறா வயிற்றில் சாளை

அசையக் கூடாது. அசைந்தால் விட்டுவிடுவாள். விடியற்காலையிலிருந்து வீரிட்டு அழுது, முகம் செக்கச்செவேல் என்று ஆகி, இப்போதுதான் ஒருவழியாகப் பிடித்திருக்கிறாள். இரண்டு இழுப்பு, ஒரு மூச்சு, மறுபடி இரண்டு இழுப்பு. பால் வருகிறதா, சும்மா சப்புகிறாளா என்று பெற்றவளுக்கே தெரியவில்லை. போன் ஃபிரிட்ஜ் மேலே இருக்கிறது. கட்டிலிலிருந்து பார்த்தால் அதன் ஓரம் தெரிகிறது. எழுந்து நாலு எட்டு வைத்தால் எடுத்துவிடலாம். எழுந்தால் இவள் அழுவாள், இவள் அழுதால் அத்தை அடுப்படியிலிருந்து ஓடி வருவாள், வந்து, "பச்ச ஒடம்புக்காரி போனைப் பாத்தா கண்ணு போயிரும்னு சொன்னேம்லா" என்பாள். காலையில் அதைச் சொல்லித்தான் என் கையிலிருந்து பிடுங்கி அங்கே வைத்தாள். அதற்குள் நான் படத்தைப் பார்த்துவிட்டேன். தினகர் அனுப்பிய படம். நாங்கள் இரண்டு பேரும் வேலை பார்க்கிற மீன் ஆய்வுக்கூடத்தின் நீள மேஜை, அதில் என் பாட்டில்கள், துடைத்துப் பளபளவென்று வரிசையாக. கீழே எழுதியிருந்தான், அக்கா இன்னைக்கு மத்தியானம் கூட்டத்துல நம்ம சுறா பேப்பரை சார் வாசிக்கிறாங்க, முதல் பேரா உங்க பேர்தான், பால்சுறா திங்கிறதுல பாதிக்கு மேல சாளைன்னு வந்திருக்கு, சார் செம ஹேப்பி, ட்ரீட் எப்போ? ட்ரீட். எங்கிருந்து வந்தது இந்த 'நம்ம' சுறா? கரையில் வந்து ஒரு நாள் நின்றிருப்பானா? மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடியவன். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒரு பாட்டிலின் கழுத்திலும் நூல் இல்லை. நான் கட்டிய கறுப்பு நூல் ஒன்றுகூட இல்லை. எங்கே போயிற்று? கழுவும்போது அவிழ்ந்திருக்குமா? அவிழாது. நான் போட்டது மீன்காரர்கள் போடுகிற முடிச்சு, நனைந்தால் இன்னும் இறுகும். வெட்டினால்தான் உண்டு.

வெட்டியிருக்கிறார்கள். எதற்காக வெட்ட வேண்டும், யாருக்கு அது இடைஞ்சல், நூல் என்ன பாட்டிலுக்குள்ளேயா விழுந்து கிடந்தது? மெதுவாகக் குடி, கண்ணு. மூக்கு அமுங்குகிறதா? இல்லை, மூச்சு விடுகிறாள். நான் இப்போது கத்தினால் இவளுக்கும் கேட்கும், பிறந்து கண் சரியாகத் திறப்பதற்குள் அம்மாவின் கெட்ட வார்த்தையைக் கேட்க வேண்டாம், அதனால் உள்ளுக்குள்ளேயே கத்திக்கொண்டிருக்கிறேன். இரண்டு வருஷம். காலையில் வலையும் தூண்டிலும் கரைக்கு வருகிற நேரத்துக்குப் போய், சுறா வெட்டுகிற பெண்களுக்குப் பக்கத்தில் பலகையைப் போட்டு உட்கார்ந்து, கறி அவர்களுக்கு, வயிறு எனக்கு என்று கேட்டு வாங்கி, அங்கேயே கீறிப் பார்த்து, உள்ளே கிடந்ததை எல்லாம் பாட்டிலில் போட்டு மருந்து ஊற்றி, வீட்டுக்கு வந்து மூன்று முறை சோப்புப் போட்டாலும் போகாத வாடையோடு சோற்றில் கை வைத்திருக்கிறேன். என்ன தின்கிறது பால்சுறா? ஒரே ஒரு கேள்வி. காரல் பொடி மீனைத் தின்கிறது. கணவாய் தின்கிறது, கணவாய் கரைந்துபோனாலும் அதன் அலகு மட்டும் கிளி மூக்குபோலக் கரையாமல் கிடக்கும். சின்ன இறால் தின்கிறது, சேற்றில் கிடக்கிற விலாங்குக் குஞ்சு தின்கிறது. கரையோரம் திரிகிற குட்டிச்சுறாவின் வயிற்றில் இறால் ஓட்டைத் தவிர ஒன்றும் இருக்காது. சாளை? வலையில் விழுந்த சுறாக்களின் வயிற்றில் சாளை, அந்த மத்தி மீன், அபூர்வம். தூண்டிலில் பிடித்த சுறாவில் மட்டும் எப்போது பார்த்தாலும் சாளை. ஏன்? ஏனென்றால் தூண்டில் முள்ளில் குத்துவதே சாளையைத்தான். சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அந்தச் சாளையைக் கவ்வப் போய்த்தான் அது மாட்டியது. மாட்டி இழுபடும்போது பயத்தில் உள்ளே இருந்ததை எல்லாம் கக்கிவிடும், முள்ளோடு விழுங்கிய அந்தத் தூண்டில் இரை மட்டும் வயிற்றில் தங்கும். கத்தியால் நேராக வெட்டிய சாளைத் துண்டு, செதில்கூடக் கலையாமல், நடுவில் முள் குத்திய ஓட்டையோடு. அது அதன் சாப்பாடு இல்லை. அதைக் கொல்ல மனுஷன் வைத்தது. அப்படிப்பட்ட துண்டு இருந்த பாட்டிலுக்கெல்லாம் கழுத்தில் கறுப்பு நூல் கட்டி வைத்தேன், கணக்கில் சேர்க்காமல் தள்ள வேண்டியவை என்று. கறுப்பு நூல் ஏன் என்றால் அதுதான் கைப்பையில் கிடந்தது. நான் மாசமாக இருந்தபோது கையில் கட்டிக்கொள்ளச் சொல்லி அத்தை வாங்கிக் கொடுத்த நூல் உண்டை. ஒரு முழம் கையில், மிச்சம் பாட்டிலில். வலி எடுத்து ஆஸ்பத்திரிக்குக் கிளம்புகிற அன்றைக்குக்கூட வயிற்றைப் பிடித்துக்கொண்டு தினகரிடம் சொல்லிவிட்டுத்தானே வந்தேன், நூல் கட்டின பாட்டிலைத் தொடாதே, தனியா வை, நான் வந்து பாத்துக்கிறேன் என்று. சரிக்கா சரிக்கா என்றான். சிரித்தான். எதற்காகச் சிரித்தான் அன்றைக்கு?

"ஏன் இன்னும் திங்கல?" அத்தை வாசல்படியில் நிற்கிறாள். கட்டில் ஓரத்தில் தட்டு, தட்டில் சுறாப் புட்டு, பூண்டு பூண்டாக. காலையில் சுறா, மத்தியானம் சுறா. "ஆறிப் போச்சின்னா கவுச்சி அடிக்கும். பால்சுறா தாயி, சந்தைக்குப் போயி நானே பாத்து எடுத்தேன். தின்னாத்தான ஊறும்?" பிள்ளை குடிக்கட்டும் அத்தே, அப்புறம் தின்கிறேன் என்றேன். மெதுவாக, உதட்டை அசைக்காமல். அத்தை எட்டிப் பார்த்து, குடிக்கிறாள் என்று கண்டதும் முகம் மலர்ந்து, சத்தம் போடாதே என்று அவளுக்கு அவளே விரலால் சைகை காட்டிக்கொண்டு போய்விட்டாள். நல்லவள்தான். நல்லவர்களிடம் கோபப்பட முடியாமல் இருப்பதைப்போல எரிச்சல் உலகத்தில் இல்லை. பேர் பால்சுறா என்பதால் பால் ஊறுமாம். அது பாலே கொடுப்பதில்லை, அத்தை. வயிற்றிலேயே கொடி வழியாகக் குட்டியை வளர்த்து, பெற்றுப்போட்ட மறு நிமிஷம் உன் பாடு உன்னோடு என்று போய்விடும், குட்டி தானாக இறாலைத் தேடிக்கொள்ளும். எவ்வளவு நிம்மதி. யாரும் அதைக் கட்டிலில் உட்காரவைத்துப் பூண்டைத் திணிப்பதில்லை, போனைப் பிடுங்குவதில்லை, அது பார்த்த வேலையை இன்னொருவன் எடுத்துக்கொண்டு போய் மைக்கில் வாசிப்பதில்லை. பாவிகள். இறாலைக் காரல் தின்கிறது, காரலைச் சுறா தின்கிறது, சுறாவை நான் தின்கிறேன், என்னை இவள் தின்கிறாள். தின்னட்டும், இவளுக்கு இல்லாததா. ஆனால் மற்றவர்கள் எதற்காக என்னைத் தின்கிறார்கள்? இடது கை மரத்துப்போய்விட்டது. ஒரு விரலை மட்டும் அசைத்துப் பார்க்கிறேன். தையல் போட்ட இடம் சுருக்கென்று இழுக்கிறது. விட்டுவிடாதே, கண்ணு.

எங்கள் ஆய்வுக்கூடத் தலைவர் கோமதிநாயகம் சார் வாசிப்பார். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு. துறைமுகத்துப் பக்கத்து மண்டபத்தில் முன்வரிசையில் அதிகாரிகள், பின்னால் சாளை வலைக்காரர்கள். ரெண்டு வருஷமா சாளை இல்லை சாளை இல்லை என்று அவர்களும் வயிறு எரிந்துபோய்க் கிடக்கிறார்கள், யாராவது ஒரு திருடனைக் காட்ட மாட்டார்களா என்று. சார் காட்டுவார். இதோ பாருங்கள், உங்கள் சாளையைத் தின்றது சுறா. சுறாவைக் குறைத்தால் சாளை பெருகும். ஆளுக்கு ஒரு தூண்டில் கயிறு, மானியத்தில். சுறாவைப் பிடி, குட்டி என்றும் பார்க்காதே, வாரிக்கொண்டு வா. கைதட்டுவார்கள். அந்தத் தூண்டிலிலும் சாளையைத்தான் குத்துவார்கள், அந்தச் சாளை மறுபடி சுறா வயிற்றில் இருக்கும், அதை வேறொரு தினகர் எண்ணுவான், பார்த்தீர்களா நாங்கள் அன்றைக்கே சொன்னோம் என்பார்கள். கடல் காலியாகிற வரைக்கும் கணக்கு சரியாகவே வரும். இது தப்பு என்று எழுந்து சொல்ல அந்த மண்டபத்தில் ஓர் ஆள் கிடையாது. சொல்ல வேண்டியவள் இங்கே மார்பைத் திறந்து போட்டுக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருக்கிறாள். நான் போக முடியுமா? தீட்டுக் கழியவில்லை. வாசல் தாண்டக் கூடாது. வீட்டுக்காரர் இருந்தால் பைக்கில் கூட்டிப்போகச் சொல்லலாம், அவர் துறைமுகத்தில் ஷிப்டு, சாயங்காலம்தான் வருவார், வந்தாலும் அம்மா சொன்னா கேளேன் என்பார். சாருக்குத் தெரியாமலா இருக்கும், நூலைப் பார்த்தால் ஏதோ அடையாளம் என்று புரியாதா? ஆய்வுக்கூடத்தில் ஆளாளுக்கு ஓர் அடையாளம் வைத்துக்கொள்கிறோம். தினகர் மூடியில் நெயில் பாலிஷ் புள்ளி வைப்பான், அது அடையாளம். அதை யாரும் வெட்டி எறிவதில்லை. என்னுடையதை மட்டும் ஏன்? சுற்றிச் சுற்றி அங்கேயே வந்து நிற்கிறேன். கணக்குப் பார்த்தவனாவது அந்தத் துண்டைக் கையில் எடுத்துப் பார்த்திருக்க வேண்டாமா? கத்தி வெட்டு, ஓட்டை, எதுவும் கண்ணில் படவில்லையா? பல்லால் கடித்ததையும் கத்தியால் வெட்டியதையும் பிரித்துப் பார்க்கத் தெரியாதவன் சுறாவைப் பற்றி எழுதுகிறான்.

போன் அடிக்கிறது. ஃபிரிட்ஜ் மேலே கிடந்து அதிர்கிறது. குழந்தை ஒரு கணம் நிறுத்திக் கேட்கிறாள். நான் மூச்சை நிறுத்திக்கொண்டேன். மறுபடி இழுக்க ஆரம்பித்துவிட்டாள். அத்தை ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து எடுத்தாள். "யாரு? தினகரா? நல்லாருக்கியாப்பா? அவ பிள்ளைக்குப் பால் குடுக்கா, பெறகு பேசு."

"அத்தே, இங்க கொண்டாங்க."

"பிள்ள குடிக்கில்லா?"

"நான் அசைய மாட்டேன். ஸ்பீக்கர்ல போட்டு மூஞ்சிக்கு நேரா பிடிங்க."

என் முகத்தில் எதைக் கண்டாளோ, மறுபேச்சு இல்லாமல் பிடித்தாள். அக்கா, காலையில அனுப்பினேனே பாத்தீங்களா, ஸ்லைடுல போட உங்க போட்டோ ஒண்ணு வேணும் என்று தினகர் ஆரம்பித்தான்.

"பாட்டில்ல கட்டியிருந்த நூல் எங்க?"

"எந்த நூலுக்கா?"

"கறுப்பு நூல்."

"ஓ, அதுவா. சார்தான் வெட்டிப் போடச் சொன்னாங்க. வெளியூர்லேர்ந்து பெரிய ஆளுங்க வந்தாங்கல்ல, திருஷ்டிக் கயித்தோட சாம்பிள் பாட்டில பாத்தா என்ன நினைப்பாங்கன்னு."

"திருஷ்டிக் கயிறா?"

"நீங்க மாசமா இருந்தீங்கல்லக்கா. செத்த மீனை எல்லாம் அறுக்கிறோமேன்னு பயந்து கட்டியிருக்கீங்கன்னு நாங்க எல்லாரும் நினைச்சோம். உங்க கையிலயும் அதே கயிறுதான இருந்துச்சு. தொடாதன்னு வேற சொன்னீங்க."

அதற்குத்தான் சிரித்திருக்கிறான். மாசமான பொம்பளை, பாவம், பயந்து கயிறு கட்டுகிறாள் என்று எல்லாருமாகச் சேர்ந்து சிரித்திருக்கிறார்கள். ஆயுத பூஜைக்கு மைக்ராஸ்கோப்புக்குச் சந்தனப் பொட்டு வைத்தவர் சார். புது ஃபிரீசர் வந்தபோது பூசணிக்காய் உடைத்தவரும் அவரேதான். அவர் செய்தால் மரியாதை, நான் நூல் கட்டினால் மூடநம்பிக்கை. ஓர் ஆம்பளை கட்டியிருந்தால் இது எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்டிருப்பார்கள். என்னிடம் கேட்கவே இல்லை. குழந்தையின் கன்னம் ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே தாழ்ந்த குரலில் சொன்னேன், அதெல்லாம் தூண்டில் இரை தினகர், நூல் கட்டினது அத்தனையும் தூண்டில்ல குத்தின சாளை, அதை எண்ணக் கூடாது, சுறா சாளை திங்கிறதே அபூர்வம். "அய்யய்யோ" என்றான். "இருங்கக்கா, சார்கிட்ட குடுக்கேன்."

சார் வந்தார். "என்னம்மா இசக்கியம்மாள், பாப்பா எப்படி இருக்கு?" தினகர் அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தது எனக்குக் கேட்டது, அவருக்கு விஷயம் தெரிந்துவிட்டது, இருந்தும் பாப்பா எப்படி இருக்கு என்கிறார். கூட்டத்தைத் தள்ளிப் போடுங்கள் சார், பாட்டில்களை இங்கே அனுப்பினால் நானே பிரித்துத் தருகிறேன் என்றேன். "அது நடக்கிற காரியமாம்மா? எல்லாருக்கும் சொல்லியாச்சு. சின்ன வித்தியாசம்தானே, அடுத்த பேப்பர்ல திருத்திக்கலாம்."

"சின்ன வித்தியாசம் இல்ல சார். மொத்தமே தப்பு."

"டென்ஷன் ஆகாதீங்க."

"அப்போ என் பேரை எடுத்துருங்க."

"அது எப்படிம்மா?" அவருக்கு நிஜமாகவே மனசு கஷ்டப்பட்டதுபோல இருந்தது குரல். "கரையில சுறா வெட்டுறவங்ககூட உக்காந்தது நீங்கதானே. நான் சொன்னா மீன்காரங்க கேக்க மாட்டாங்க, எதிர்த்துக் கேள்வி கேப்பாங்க. இசக்கியம்மா பாத்த வேலைன்னு சொன்னா அப்படியே நம்பிருவாங்க. அதுக்காகத்தானே உங்க பேரை முதல்ல போட்டது. வீட்டுல பெரியவங்க யாராவது இருந்தா குடுங்க." அத்தை போனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். "அம்மா, பச்சை உடம்பு, இப்படிக் கோவப்பட்டா பால் வத்திரும். நல்லா ரெஸ்ட் எடுக்கச் சொல்லுங்க. மத்ததை நாங்க பாத்துக்கிறோம்." சரிங்க சார் என்றாள் அத்தை. வைத்துவிட்டார்.

பால் வற்றிவிடுமாம். கயிற்றைக் கண்டு முகம் சுளித்த மனிதர் சொல்கிறார், கோபப்பட்டால் பால் வற்றிவிடுமாம். இவள் குடிக்காத பக்கத்து மார்பு சுருசுருவென்று இழுத்து, தானாக வழிந்து, நைட்டியை நனைத்து, வயிறு வரைக்கும் ஓடுகிறது. இவள் மளமளவென்று விழுங்குகிற சத்தம் இப்போதுதான் முதல்முறையாக எனக்குக் கேட்கிறது. கடவாயில் பால் வடிகிறது. அத்தைகூடக் குனிந்து பார்த்தாள். குடித்துக் குடித்து, போதும் என்று அவளாகவே விட்டு, வாயைத் திறந்தபடி தூங்கிப்போனாள். கையை மெதுவாக உருவிக்கொண்டேன். கை எனக்குத் திரும்பி வர ரொம்ப நேரம் ஆனது. இசக்கியம்மா பாத்த வேலைன்னு சொன்னா அப்படியே நம்பிருவாங்க. நம்புவார்கள்தான். அந்தப் பெண்கள், கத்தியைக் கீழே வைத்துவிட்டு, நிறைமாசமா எதுக்குடி இந்த நாத்தத்துல கெடக்க என்று எனக்குத் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தவர்கள், அவர்களுடைய வீட்டு ஆம்பளைகள் எல்லாரும் நம்புவார்கள். என் பேர் இருக்கிறது என்பதற்காகவே வாயைத் திறந்து கவ்விக்கொள்வார்கள்.

தட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். ஆறிப்போயிருந்தது. கவுச்சி அடித்தது. கை நிறைய அள்ளித் தின்றேன், பூண்டு, மிளகு, சுறா, ஒன்றும் விடாமல். அத்தை நம்ப முடியாமல் பார்த்துக்கொண்டு நின்றாள். தட்டை வழித்து நக்கிவிட்டுச் சொன்னேன், "அத்தே, ஒரு ஆட்டோ கூப்பிடுங்க."

"எங்க?"

"மண்டபத்துக்கு. பாப்பாவையும் தூக்கிட்டுத்தான் போறேன். நீங்களும் வாரீங்க, நான் பேசும்போது யாராவது இவளைப் பிடிக்கணும்."

"உனக்கென்ன கிறுக்கு பிடிச்சிருக்கா? தீட்டு கழியல. தையலு காயல. கடக்கரை காத்து, உச்சி வேளை, பச்சப் பிள்ளைய வச்சிக்கிட்டு…" பேசிக்கொண்டே போனாள். நான் எழுந்தேன். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பீரோவைத் திறந்து, முன்பக்கம் கொக்கி வைத்த ஜாக்கெட்டைத் தேடி எடுத்தேன். சேலையைச் சுற்றிக்கொண்டேன். திரும்பிப் பார்த்தால் அத்தை சத்தம் போடுவதை நிறுத்தியிருந்தாள். "அந்த ஆளு என்னமோ ரெஸ்ட்டு எடுக்கச் சொல்லுங்கன்னான்" என்றாள். "உன் பேரைச் சொல்லித்தான் ஊரை ஏமாத்தப் போறான். அது எனக்கும் வெளங்கிச்சு. ஆனா எனக்குப் பிள்ளைதான் முக்கியம்." அவள் பூஜை அலமாரிக்குப் போய்த் துழாவி, கறுப்பு நூல் உண்டையை எடுத்துக்கொண்டு வந்தாள். புது உண்டை. பல்லால் கடித்து ஒரு முழம் அறுத்தாள். "சொன்னாக் கேக்கப் போறதில்ல நீ. இதையாவது கட்டிட்டுப் போ. கையக் காட்டு."

நான் கையை நீட்டவில்லை. "வேண்டாம் அத்தே. அதை நான் தூண்டில்ல குத்துற சாளைக்குத்தான் கட்டுவேன். நாம இரை இல்ல."

அத்தை கையில் நூலோடு என் முகத்தைப் பார்த்தாள். பிறகு கட்டிலில் தூங்குகிற பேத்தியைப் பார்த்தாள். ஆஸ்பத்திரியிலேயே அவள் கட்டிவிட்ட நூல் அந்தச் சின்ன மணிக்கட்டில் கறுப்பாகக் கிடந்தது. உண்டையை அலமாரியில் வைத்துவிட்டு வந்து, கட்டிலில் உட்கார்ந்து, குழந்தை விழித்துவிடாமல் நகத்தால் அந்த முடிச்சைப் பிரிக்க ஆரம்பித்தாள்.